பீரோவுக்குள் அடித்த போன்

என் நைனாவுக்குப் போன் செய்தால் முதல் தடவை எடுக்கவே மாட்டார். மணி முழுக்க அடித்து ஓயும். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட வேண்டும். அப்போதுதான் மூச்சு வாங்கிக்கொண்டு, "ம், சொல்லும்மா" என்று குரல் வரும். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த பிறகு எனக்கு இது பழகிவிட்டது. முதல் கால் அவரை வரவழைக்க, அடுத்தது பேச.

போன் பீரோவுக்குள் இருந்தது. பீரோ எப்போதும் பூட்டியிருக்கும். அதன் சாவி நைனாவின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. மணி அடித்தால் அவர் எங்கிருந்தாலும் வந்து, சட்டையைத் தூக்கி, கயிற்றை அவிழ்க்கச் சோம்பல்பட்டு, வயிற்றைப் பீரோவோடு ஒட்டிக்கொண்டு நின்று சாவியைத் திருகுவார். அவர் கொல்லையில் இருந்தால் அம்மா உள்ளேயிருந்து கத்துவாள். "இன்னாங்க, போன் அடிக்குது. இடுப்பை எடுத்துக்கினு வாங்க!"

நைனா இப்போது இல்லை. அம்மா என்னோடு சென்னையில் இருக்கிறாள். செஞ்சி வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். இருந்தாலும், யாருக்காவது போன் போட்டு முதல் மணியிலேயே எடுத்துவிட்டால் இன்றும் எனக்கு ஒரு கணம் திக்கென்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது.

நைனா அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்கும் திண்டிவனத்துக்கும் ஓடும் வண்டிகளில்தான் அவருடைய பாதி ஆயுள் போனது. பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டம், அமாவாசை வந்தால் மேல்மலையனூர்க் கூட்டம். நிலா வளர்ந்தாலும் தேய்ந்தாலும் அவர் வண்டியில் நிற்க இடம் இருக்காது. பிளேடால் கிழித்த பைகளையும், கழுத்தைத் தடவிப் பார்த்து அலறிய பெண்களையும் அவர் பார்த்த அளவுக்கு எங்கள் தெருவில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்ப விசில் கொடுப்பதற்கு முன்பு, "பொம்பளைங்க எல்லாம் கழுத்துல கை வச்சுக்கோங்க. பையை முன்னால போட்டுக்கோங்க" என்று ஒரு குரல் கொடுப்பார். யாராவது பறிகொடுத்த நாளில் வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிட மாட்டார். தட்டில் கையை வைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போவ வச்சிருந்தது போல. பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்துட்டுது அந்தம்மா" என்பார். அம்மா இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றுவாள்.

அந்தப் பயம் அவரோடு வீட்டுக்கும் வந்தது. வெளியே கிளம்பினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். மதிப்புள்ள எதற்கும் அவருக்குத் தெரிந்த இடம் பீரோ ஒன்றுதான்.

எனக்கு மகள் பிறந்தபோது, பேத்தியை வீடியோவில் பார்க்கட்டும் என்று நான் ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்தேன். அதை இரண்டு கையாலும் வாங்கினார். "இன்னா வெலை இருக்கும் இது?" என்றார். நான் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அன்றைக்கே அது பீரோவுக்குள் போனது. சந்தைக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும், கல்யாணத்துக்குப் போனாலும் போன் வீட்டை விட்டு நகராது.

"கையில வச்சிருக்கத்தானே நைனா செல்போனு?"

"பஸ்ஸுல எவனாச்சும் அடிச்சிக்கினு போயிட்டா? உனக்கு இன்னா தெரியும்? நான் பாத்திருக்கேன்."

ஆனால் மத்தியானங்களில், அம்மா கண்ணயர்ந்த நேரத்தில், அவர் பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் முன்னாலேயே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். அம்மாதான் எனக்குச் சொன்னாள். என் மகள் செஞ்சி வீட்டுக் கூடத்தில் முதன்முதலாக எழுந்து நடந்ததை அவரே படம் பிடித்திருந்தார். பாதிப் படத்தை அவருடைய விரல் மறைத்திருக்கும். மீதியில் குழந்தையின் கால் மட்டும் தெரியும், சிமெண்டுத் தரையில் தத்தித் தத்தி வரும். பின்னால் நைனா, "வா, வா, வா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பாராம். பார்த்து முடித்ததும் போனைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், சமையலை முடித்துவிட்டு நான் அவரைக் கூப்பிட்டேன். முதல் கால், எடுக்க மாட்டார் என்று போனை மேடையில் வைத்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தேன். உடனே எடுத்துவிட்டார்கள்.

"நைனா, சாப்டியா?" என்றேன்.

பதில் இல்லை. யாரோ மூச்சு விடுவது கேட்டது. பாத்திரம் ஒன்று தரையில் உருண்டு போகும் சத்தம் கேட்டது. பிறகு கட் ஆகிவிட்டது. மறுபடியும் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப் என்றது. நைனாவுக்குப் போனை எப்படி அணைப்பது என்றே தெரியாது.

செஞ்சி வீட்டுக்கு எதிரில் மாவு மில் வைத்திருக்கும் அக்காவைக் கூப்பிட்டேன். மெஷின் இரைச்சலில் முதலில் ஒன்றும் புரியவில்லை. "இரும்மா, நிறுத்தறேன்" என்று மெஷினை நிறுத்திவிட்டு வந்தார்.

"அக்கா, எங்க வீட்டுல யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லியேம்மா. காலையிலயே தளவானூருக்குப் போயிட்டாங்க ரெண்டு பேரும். உங்க அத்தை வீட்டுல காதுகுத்துன்னாங்க. வீடு பூட்டித்தான் இருக்குது."

"உள்ள யாரோ இருக்காங்கக்கா. போனை எடுத்தாங்க."

அக்கா ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடியே, மாவுக்குக் காத்திருந்த பெண்களைக் கூட்டிக்கொண்டு ஓடியது எனக்குக் கேட்டது. கதவைத் தட்டுகிறார்கள், யாரோ "பின்னால போ, பின்னால போ" என்கிறார்கள். நான் சென்னையில் சமையலறையில் நின்றுகொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அக்காவின் குரல் வந்தது. "ஏறிக் குதிச்சி ஓடிட்டாம்மா. செவுத்துக்கு அந்தாண்ட வயலோட போயிட்டான். சட்டைதான் தெரிஞ்சுது, மூஞ்சி தெரியல."

கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை நெம்பி உள்ளே வந்திருக்கிறான். பீரோவை உடைத்திருக்கிறான். அதற்குள் போன் அவன் கையிலேயே அடித்திருக்கிறது. அதை நிறுத்தப் பார்த்துத்தான் தெரியாமல் எடுத்துவிட்டான் என்று பிறகு போலீஸ்காரர் சொன்னார். போனும், ஒரு வெள்ளிக் குத்துவிளக்கும், நைனாவுக்கு ஓய்வு பெறும்போது கொடுத்த கைக்கடிகாரமும் போயிருந்தன. துணிமணியெல்லாம் தரையில் கிடந்தது.

அத்தையின் போனில் நைனாவைப் பிடித்தேன். காதுகுத்துப் பந்தலில் பாட்டுச் சத்தம். நடந்ததைச் சொன்னேன்.

"போன் போச்சா?" என்றார்.

"ஆமாம் நைனா. அம்மா நகை எங்க வச்சிருந்த?"

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "எங்க வைப்பாங்களாம்? எல்லாம் என் கழுத்துலதான் இருக்குது!"

அன்று காலை இருவருக்கும் அதில்தான் சண்டை. பஸ்ஸில் போகும்போது நகை எதற்கு, பீரோவில் வைத்துவிட்டு வா என்று நைனா சொல்லியிருக்கிறார். சொந்த நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு வெறுங்கழுத்தோடு வரமாட்டேன் என்று அம்மா போட்டுக்கொண்டு, முந்தானையை இழுத்து மூடி, ஊக்கும் குத்திக்கொண்டு போயிருக்கிறாள். நைனா இருந்தவரை அம்மா இதைச் சொல்லிக்காட்டுவதை நிறுத்தவில்லை. விருந்தாளி யார் வந்தாலும் பேச்சு எப்படியாவது அங்கே வந்து நிற்கும். நைனா எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார்.

மறுநாள் நான் செஞ்சிக்குப் போனேன். அதற்குள் சிம்மை நிறுத்தச் சொல்லிவிட்டிருந்தேன். காவல் நிலையத்தில் புகார் எழுதும் ரைட்டர் எங்களை உட்காரவைத்துக் கேட்டார். "போன் வாங்குன பாக்ஸ் இருக்குதா? அதுல ஐஎம்இஐ நம்பர் இருக்கும். அது இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது. பாதிப் பேரு பாக்ஸைக் குப்பையில போட்டுட்டுத்தான் இங்க வராங்க."

நைனா தன் துணிப்பையை அவிழ்த்தார். கட்டிலடி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த போன் பெட்டி வந்தது. அதற்குள் பில், கேரண்டிச் சீட்டு, சார்ஜர் ஒயரைக் கட்டியிருந்த சின்னக் கம்பி, திரை மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள், எல்லாம் மடிப்புக் குலையாமல் இருந்தன. ரைட்டர் சிரித்துவிட்டார்.

"எல்லாரும் இப்டி வச்சிருந்தா எங்க வேலை எவ்ளோ சுலுவு சார்."

பெட்டியின் ஓரத்தில் நீளமாக ஒரு எண் இருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால், யார் எந்த சிம்மைப் போட்டாலும் தகவல் வந்துவிடும் என்று விளக்கினார். வெளியே வந்ததும் நைனா என்னிடம் மெதுவாகக் கேட்டார். "இந்த நம்பரா புடிச்சுக் குடுக்கப்போவுது?" அவருக்குப் பூட்டு தெரியும், சாவி தெரியும். எண் ஒன்று காவல் காக்கும் என்பது அவர் மனசில் ஏறவில்லை.

பிறகு மாதங்கள் போயின. கொல்லைக் கதவுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை போட்டார்கள். வெளியூர் போனால் மாவு மில் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று ஏற்பாடானது. நைனா ஒரு பட்டன் போன் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கூப்பிட்டதும் எடுத்தார். ஆனால் முன்போல நீட்டிப் பேசவில்லை. "நல்லா இருக்கோம். பாப்பா சாப்டாளா? சரி வச்சிடட்டா?" அவ்வளவுதான். பேத்தியின் வீடியோவில் நான் எடுத்தவை என்னிடம் இருந்தன. அவர் எடுத்தது அந்தப் போனில் மட்டும்தான் இருந்தது. அவருக்கு அனுப்பத் தெரியாது. அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை. அம்மா சொன்னாள், மத்தியானத்தில் இப்போது அவரும் படுத்துவிடுகிறார் என்று.

அரையாண்டு விடுமுறைக்கு மகளை அழைத்துக்கொண்டு நான் செஞ்சியில் இருந்தபோது காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. போன் கிடைத்துவிட்டது. நைனா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

திருடியவன் அகப்படவில்லை. போன் கைமாறிக் கைமாறி எங்கோ ஒரு ரிப்பேர் கடைக்குப் போக, அங்கிருந்து பனமலைப் பக்கத்துக் கட்டட வேலைக்காரர் ஒருவர் பில் இல்லாமல் தன் மனைவிக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். போலீஸ் கூப்பிட்டதும் இரண்டு பேரும் பயந்துபோய்க் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள்.

"அந்தப் பொண்ணு அழுதுச்சு சார். கைக்கொழந்தை வேற. இன்னா பண்றது, வெலை கம்மியா இருக்குதுன்னு வாங்குனா இப்டித்தான்" என்றார் ரைட்டர். நைனா கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனை வாங்கினார். அதன் மேல் பூப்போட்ட புது உறை இருந்தது.

வீட்டுக்கு வந்து நான் திறந்து பார்த்தேன். நைனாவின் படங்கள் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் யாரோ அழித்துவிட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக ஒரு குழந்தை இருந்தது. பிறந்து துணியில் சுற்றிய குழந்தை. கன்னத்தில் பெரிய மைப்பொட்டு வைத்த குழந்தை. காலில் போட்டு எண்ணெய் தேய்க்கும்போது வாய் திறந்து கத்தும் குழந்தை. ஏரிக்கரையில் யாரோ தூக்கிப் பிடித்திருக்கும் குழந்தை. ஒரு வீடியோவில் அது குப்புற விழ முயன்றுகொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்டா கண்ணு" என்று ஒரு பெண் குரல் கேட்டது. விழுந்ததும் அந்தக் குரல் சிரித்தது.

என் மகளும் அம்மாவும் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்கள். நைனா எதிரே உட்கார்ந்திருந்தார்.

"இதெல்லாம் அழிச்சிட்டு, எங்கிட்ட இருக்கற பாப்பா படத்தை ஏத்தித் தரேன் நைனா" என்றேன்.

"அழிக்காத."

"நமக்கு எதுக்கு இது?"

"நமக்கு இல்லம்மா. அந்தப் பொண்ணுக்கு." அவர் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "எம் பேத்தி நடந்தது போச்சு. அது போனா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அம்மா சொல்லிக்காட்ட வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

மறுபடியும் காவல் நிலையத்துக்குப் போனோம். அவர்களுடைய நம்பரைத் தர முடியாது, வேண்டுமானால் நாங்களே சொல்லி வரச்சொல்கிறோம் என்றார் ரைட்டர். திருட்டுப் போன பொருள் கிடைத்த பிறகு திரும்பி வந்தவரை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை போலிருந்தது. நைனாவுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"ரைட்டர் மூலமா வாட்ஸப்புல அனுப்பிடலாம் நைனா" என்றேன் வழியில்.

"எதுல அனுப்புவ? அந்தப் பொண்ணுகிட்ட இப்ப போனே இல்லியே?"

அது எனக்குத் தோன்றவில்லை. நேராக பஜாரில் இருந்த போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனோம். நைனா ஒன்றையும் விடவில்லை, மங்கலாக இருந்ததைக் கூடப் பிரிண்ட் போடச் சொன்னார். வீடியோக்களை ஒரு மெமரி கார்டில் ஏற்றி வாங்கினேன். கம்ப்யூட்டர் திரையில் குழந்தை ஒவ்வொன்றாக வந்து போவதைப் பார்த்து ஸ்டுடியோக்காரர் கேட்டார், "யாரு சார், பேரனா?"

"சொந்தக்காரக் கொழந்தை" என்றார் நைனா.

ரைட்டர் சொல்லி அவர்கள் பஸ் நிலையத்துக்கு வந்த நாளில் நானும் கூடப் போனேன். வெயில் ராஜகிரிக் கோட்டைப் பாறையில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. பஸ் நிலையத்தில் பனமலை வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். மிகவும் சின்னப் பெண். கணவர் சற்றுத் தள்ளி, எந்த நேரமும் போய்விடத் தயாராக இருப்பவர் போல நின்றார். நாங்கள் கிட்டே போனதும் அவள் முந்திக்கொண்டாள்.

"நாங்க திருடலைங்க. காசு குடுத்துத்தான் வாங்குனோம்."

"தெரியும்மா. உக்காரு மொதல்ல" என்றார் நைனா.

படங்கள் இருந்த கவரைக் கொடுத்தார். அவள் பிரித்துப் பார்த்தாள். முதல் படத்திலேயே கை நின்றுவிட்டது. குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து மடியில் ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

"இது ஆஸ்பத்திரியில எடுத்ததுங்க" என்றாள் திடீரென்று, நைனாவிடம். "இது எங்கம்மா வீட்டுல. இது, இவன் மொத மொத குப்புற உழுந்தான் பாருங்க, அதுக்கு மறுநாளு."

"வீடியோ இதுல இருக்குதும்மா." நைனா மெமரி கார்டைச் சின்னத் தாளில் மடித்துக் கொடுத்தார். "எந்த போனுல போட்டாலும் வரும். முந்தானையில முடிச்சுப் போட்டு வச்சுக்கோ." பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "இனிமே வாங்குனா பில்லு கேட்டு வாங்குப்பா. பாக்ஸைத் தூக்கிப் போடாத. அதுலதான் நம்பரு இருக்குது."

அவர் தலையாட்டினார். அவர் தோளில் இருந்த குழந்தை நைனாவின் சட்டைப் பையில் தெரிந்த போனை எட்டிப் பிடித்து இழுத்தது. பூப்போட்ட அந்த உறையை அதற்கு அடையாளம் தெரிந்ததோ என்னவோ. பெண் பதறி, "விடுடா, அது அவங்களுது" என்று விரல்களைப் பிரித்தாள். நைனா உறையைக் கழற்றி அதன் கையில் கொடுத்தார். வண்டி வந்தது. அவள் படியில் ஏறிய பிறகும் கவரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

திரும்பி நடந்தோம். பஜார் பாதி வந்ததும் நைனா நின்றார். "நம்மளுதையும் கொஞ்சம் போட்டு எடுத்துக்கலாமா? உன் போனுல இருக்குதே, அதை."

ஸ்டுடியோவில் என் போனைக் கொடுத்து, அவருக்கு வேண்டிய படங்களைக் காட்டினோம். கொஞ்ச நேரம் ஆகும் என்றார்கள். எதிர்க்கடையில் டீ வாங்கிக்கொண்டு நிழலில் நின்றோம். நைனா அன்று வழக்கத்தை விட அதிகமாகப் பேசினார். நான் பிறந்த சமயத்தில் அவருக்குத் திருவண்ணாமலை வண்டி. போனால் பல நாள் டிப்போவிலேயே படுக்கை.

"நீ நடந்தத நான் பாக்கல தெரியுமா?" என்றார். "பௌர்ணமி ட்யூட்டி. முடிச்சிட்டு வந்தா, உங்கம்மா வாசல்லயே நின்னு சொல்றா, கொழந்த நடந்துடுச்சுன்னு. எங்க, நடக்கச் சொல்லுன்னேன். அந்தாண்ட நின்னு கூப்புடுறா, நான் இந்தாண்ட நின்னு கூப்புடுறேன். நீ உக்காந்துக்கினு எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாக்கற. ஒரு அடி வைக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்கு ட்யூட்டி வந்துடுச்சு."

அவர் சிரித்தார். நான் டீயை ஆற்றிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே ஸ்டுடியோ வாசலுக்கு வந்து, படம் ரெடி என்று கை காட்டினார்கள். நைனா டம்ளரை வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் வண்டி பார்த்து, எனக்கு முன்னால் ரோட்டைக் கடந்தார்.